ஹோல்டரும் நரம்புப் பரிசோதனையும்: முதல் முறை போகிறவர்களுக்கு

போன வருடம் சித்திரை வெயிலில் அப்பாவுக்கு ஹோல்டர் மாட்டினோம். மார்பில் ஸ்டிக்கர் ஒட்டி, நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிகிற சின்னப் பெட்டி அது. அவருக்கு 66 வயது, 18 வருடமாகச் சுகர். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது, சில நாள் விடியற்காலையில் நெஞ்சு படபடவென்று அடித்து எழுப்பிவிடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு சீட்டில் மூன்று பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். மூன்றுமே ஊசி குத்தாமல், தோல்மேல் ஒட்டி எடுப்பவை. சுலபம்தானே என்று நினைத்து அப்படியே போனோம்.

24 மணி நேரம் மாட்டியிருந்து, மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கினால், பாதிக்கு மேல் பதிவு சரியில்லை என்று எழுதியிருந்தது. முந்தைய இரவு அப்பா தோள்வலிக்காக மார்பு வரைக்கும் தைலம் தேய்த்திருக்கிறார். அதோடு வேர்வையும் சேர்ந்து, சாயங்காலத்துக்குள் ஸ்டிக்கர்கள் வழுக்கிவிட்டன. தைலம் தேய்க்கக் கூடாது என்று அந்த லேபில் யாரும் சொல்லவில்லை. மறுபடி பணம், மறுபடி ஒரு நாள், அதற்கும் மேலாக அப்பாவின் பயம் இன்னும் இரண்டு வாரம் நீண்டது. அந்த இரண்டு வாரம் உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லப்போவது எல்லாம் நாள் குறித்து, நிதானமாகப் போய் எடுக்கும் பரிசோதனைகள். நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, மூச்சு வாங்குகிறது, மயங்கி விழுந்துவிட்டார் என்றால் லேபுக்கு அப்பாயின்ட்மென்ட் தேடாதீர்கள். 108 கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

1. சீட்டில் எழுதியிருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கவுன்டரில் "ஹார்ட் டெஸ்ட், நரம்பு டெஸ்ட்" என்று கேட்டால் வேறு எதையாவது எடுத்துவிடுவார்கள். பெயர்களைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

ஈசிஜி: படுக்கவைத்து மார்பில் 6, கை கால்களில் 4 என 10 இடங்களில் ஒட்டி எடுப்பது. பதிவு மொத்தம் 10 விநாடிதான். அந்த 10 விநாடியில் படபடப்பு வந்தால் தெரியும், வராவிட்டால் தெரியாது.

ஹோல்டர்: அதே ஈசிஜியை ஒரு சின்னப் பெட்டியில் 24 அல்லது 48 மணி நேரம் பதிவது. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனையும் அதில் ஏறும்.

தன்னியக்க நரம்புப் பரிசோதனை: இதயத்துடிப்பு, பிபி, வேர்வை, செரிமானம் இதையெல்லாம் நாம் நினைக்காமலே நடத்துகிற நரம்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது. சீட்டில் ஏஎஃப்டி என்று மூன்று எழுத்தில் இருக்கும். சுகர் பல வருடம் இருப்பவர்களுக்கு இந்த நரம்புகள் சத்தமில்லாமல் கெட்டுப்போவது உண்டு. அப்பாவுக்கு எழுதியதும் அதனால்தான்.

நரம்புக் கடத்தல் பரிசோதனை: கை, கால் நரம்புகளில் லேசான மின்தூண்டல் கொடுத்து, அது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளப்பது. சீட்டில் என்சிஎஸ் என்றிருக்கும். பாதம் மரத்துப்போதல், எரிச்சல், விரல் மதமதப்பு இதற்கெல்லாம் இதைத்தான் எழுதுவார்கள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிற ஒரு இடம் இருக்கிறது. என்சிஎஸ் என்பதோடு ஈஎம்ஜி என்றும் சேர்த்து எழுதியிருந்தால், அதில் தசைக்குள் மெல்லிய ஊசி போடுவார்கள். அது தோலோடு முடிகிற பரிசோதனை இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லவேண்டும். "டாக்டர், இதில் ஊசி உண்டா?" என்று கேட்க ஒரு நொடி போதும். நாங்கள் கேட்டதில் என்சிஎஸ் மட்டும் போதும் என்று தெரிந்தது.

2. டாக்டர் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால்

இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும்.

எத்தனை மணி நேரம் மாட்டவேண்டும்? இதுதான் பணத்தை மிச்சப்படுத்தும் கேள்வி. தினமும் வருகிற படபடப்பு என்றால் 24 மணி நேரம் போதும். வாரத்துக்கு ஒருமுறை வருவதை 24 மணி நேர ஹோல்டரில் பிடிக்கப் பார்ப்பது, ஒரு நாள் தூண்டில் போட்டுவிட்டுக் குளத்தில் மீனே இல்லை என்று முடிவு கட்டுவது மாதிரி. மார்பில் ஒட்டிக்கொண்டு 7 நாள், 14 நாள் வரை பதியும் பேட்ச்கள் இப்போது இருக்கின்றன. விலை கூடுதல்தான். ஆனால் இரண்டு தடவை வெறும் ஹோல்டர் எடுப்பதற்குப் பதில் அதையே எடுத்துவிடலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நீங்கள் தெளிவாகச் சொன்னால்தான் அவரால் முடிவெடுக்க முடியும்.

எந்த மாத்திரையை நிறுத்தவேண்டும், எதை நிறுத்தக் கூடாது? நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. ஹோல்டருக்குப் பெரும்பாலும் எல்லா மாத்திரையும் வழக்கம்போலத்தான். தன்னியக்க நரம்புப் பரிசோதனைக்குச் சிலவற்றை நிறுத்தச் சொல்லலாம். பெயர், எத்தனை நாளுக்கு முன், பிறகு எப்போது தொடங்குவது என்று மூன்றையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கண்ணில் ரத்தக்கசிவு, விழித்திரைக்கு லேசர் சிகிச்சை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தன்னியக்கப் பரிசோதனையில் மூச்சை முக்கி ஊதச் சொல்லும் ஒரு பகுதி இருக்கிறது. சுகரால் விழித்திரை பாதித்தவர்களுக்கு அது கூடாது என்று விட்டுவிடுவார்கள். பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தால் எல்லா இடத்திலும், கேட்காவிட்டாலும், முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிடுங்கள்.

3. கையில் இருக்கவேண்டிய தாள்கள்

டாக்டர் எழுதிய சீட்டு, அசலும் ஒரு ஜெராக்ஸும். ஆதார் அட்டையும் அதன் ஜெராக்ஸும். ஹோல்டர் பெட்டி விலை உயர்ந்தது என்பதால் பல லேப்களில் ஆதார் நகலோடு டெபாசிட்டும் கேட்பார்கள். பழைய ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட், கடைசியாக எடுத்த சுகர் ரிப்போர்ட். அரசு மருத்துவமனை என்றால் ஓபி சீட்டு, முன்பே பதிந்திருந்தால் அந்த நோட்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் குடும்ப அட்டையையும் எடுத்துப் போங்கள்.

மருந்துச் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு போங்கள். ஹோமியோ, சித்த மருந்து, மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை எல்லாமே. சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே இதயத்துடிப்பைக் கூட்டும். அப்பாவின் பையில் சுகர் டாக்டருக்கே தெரியாத ஒரு மாத்திரை இருந்தது. சிறுநீர் தடங்கலுக்காக வேறொரு டாக்டர் இரண்டு வருடத்துக்கு முன் எழுதியது, ராத்திரி ஒன்று. அது கடைசியில் எவ்வளவு பெரிய விஷயமானது என்று பிறகு சொல்கிறேன்.

4. செலவு

திருச்சியில் மூன்று இடங்களில் விசாரித்தேன். 24 மணி நேர ஹோல்டருக்கு ஓரிடத்தில் 1,800 ரூபாய், இன்னோரிடத்தில் 2,500, பெரிய மருத்துவமனை ஒன்றில் 4,000. என்சிஎஸ் இரண்டு கால் மட்டும் என்றால் 1,500, நான்கு கை கால்களும் என்றால் 3,000. தன்னியக்கப் பரிசோதனை 2,000. இது நாங்கள் கேட்ட நாளின் விலை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். போனிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்: "இதில் டாக்டர் பார்த்து எழுதுகிற ரிப்போர்ட்டும் சேர்ந்ததா?" மெஷின் அடித்துத் தள்ளும் தாள்களை மட்டும் கொடுத்துவிட்டு, டாக்டர் கையெழுத்துக்குத் தனியாக வாங்குகிற இடம் உண்டு. அடுத்தது, "பதிவு சரியாக வராவிட்டால் மறுபடி எடுக்கப் பணம் கட்டவேண்டுமா?" நாங்கள் முதல் தடவை கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். இரண்டாவது தடவை போன இடத்தில் கேட்டோம். பெட்டி கோளாறு என்றால் இலவசம், ஸ்டிக்கர் கழன்றால் பாதி என்றார்கள். அதை பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னேன், தந்தார்கள்.

வீட்டில் மெடிக்ளைம் எடுத்திருந்தாலும், படுக்கையில் சேராமல் வெளிநோயாளியாக எடுக்கும் பரிசோதனைக்குப் பல பாலிசிகளில் பணம் வராது. உங்கள் பாலிசியில் ஓபி உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால் டாக்டர் சீட்டு, பில், ரிப்போர்ட் மூன்றிலும் பெயரும் வயதும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். இனிஷியல் மாறினாலே திருப்பி அனுப்புகிறார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஈசிஜி உடனே, செலவில்லாமல் எடுத்துவிடுவார்கள். மற்றவற்றுக்கு நாள் கொடுப்பார்கள், காத்திருக்கவேண்டும். நரம்பியல் பிரிவு இருக்கிற மருத்துவமனையாகப் பார்த்துப் போங்கள். எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் தன்னியக்கப் பரிசோதனை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கையில் காசு இறுக்கம், ஆனால் அவசரமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தால், காத்திருந்து அங்கே எடுப்பதில் தயக்கமே வேண்டாம்.

5. நாள் குறிப்பது

ஹோல்டர் மாட்டினால் கழற்றும் வரை குளிக்க முடியாது. வெள்ளிக்கிழமை, விசேஷ நாள், பயண நாள் பார்த்துத் தள்ளிப்போடுங்கள். ஆனால் வீட்டிலேயே முடங்கிக் கிடக்கும் நாளாகவும் குறிக்காதீர்கள். படபடப்பு வருவது மார்க்கெட்டுக்கு நடக்கும்போது என்றால், நடக்கிற நாளில்தான் மாட்டவேண்டும். சனிக்கிழமை மாட்டினால் ஞாயிறு லேப் மூடியிருக்கும், திங்கள் வரை பெட்டியோடு இருக்கவேண்டி வரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தன்னியக்கப் பரிசோதனையும் என்சிஎஸ்ஸும் ஒரே நாள் காலையில் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஹோல்டரை வேறு நாளில் வையுங்கள். மாட்டிய பெட்டியோடு மின்தூண்டல் அறைக்குப் போகக் கூடாது.

6. தோலைத் தயார் செய்வது

இத்தனை பரிசோதனைக்கும் வாசல் தோல்தான். உள்ளே இதயத்தில் உண்டாகும் மின்சாரம் தோலுக்கு வந்து சேரும்போது மில்லிவோல்ட் கணக்கில்தான் இருக்கிறது. ஈசிஜி தாளில் 1 மில்லிவோல்ட்டை 10 மில்லிமீட்டர் உயரமாக வரைகிறார்கள் என்றால் அது எவ்வளவு சின்னது என்று பாருங்கள். நடுவில் எண்ணெய், பவுடர், காய்ந்த மேல்தோல் என்று எது இருந்தாலும் அது கெட்டுவிடும்.

முந்தைய நாளே தலைக்கும் உடம்புக்கும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். பரிசோதனை அன்று காலை மறுபடி குளிக்கவேண்டும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், தைலம், வலிக்குத் தடவும் களிம்பு, மாய்ஸ்சரைசர், முகப்பவுடரை மார்பில் தட்டிக்கொள்வது, மஞ்சள் பூசுவது, மார்பில் விபூதி, சந்தனம் எதுவும் கூடாது. பெரியவர்களிடம் "எண்ணெய் தேய்க்காதீங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. அப்பாவைப் பொறுத்தவரை தைலம் என்பது எண்ணெய் இல்லை, மருந்து. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள்.

மார்பில் முடி அடர்த்தியாக இருந்தால் ஒட்டுகிற இடத்தில் சிரைப்பார்கள். வீட்டிலேயே சிரைத்துக்கொண்டு போகவேண்டாம். காலையில் பிளேடு பட்ட இடத்தில் ஸ்பிரிட் வைத்தால் எரியும், தோல் சிவந்துபோகும். அவர்களே செய்யட்டும்.

சட்டை முன்பக்கம் பட்டன் வைத்த, தொளதொளப்பான பருத்திச் சட்டை. பெண்கள் என்றால் முன்னால் திறக்கிற ரவிக்கையோ நைட்டியோ. பாலியெஸ்டர் உரசினால் பதிவில் கோடு நடுங்குகிறது. கழுத்துச் சங்கிலி, தாயத்து இதெல்லாம் ஸ்டிக்கர்மேல் வந்து மோதும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் நீளத்தைச் சுருக்கி ஒரு பக்கமாகத் துணியோடு குத்திக்கொள்ளலாம். என்சிஎஸ்ஸுக்கு மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது பத்திரம்.

இரண்டாவது தடவை மாட்டிய டெக்னீஷியனை நான் மறக்கமாட்டேன். முதலில் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். பிறகு மணல்போல நறநறவென்று இருந்த ஒரு பசையை விரலில் எடுத்து, ஒட்டும் இடங்களில் மட்டும் தோல் லேசாகச் சிவக்கும் வரை தேய்த்தார். காய்ந்த பிறகு ஸ்டிக்கரை நடுவில் அழுத்தாமல் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி விரலால் நீவி ஒட்டினார். நடுவில் அழுத்தினால் ஜெல் பிதுங்கி ஓரப் பசையைக் கெடுத்துவிடுமாம். ஒயரை ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வளையமாக மடித்து அதன்மேல் பிளாஸ்திரி போட்டார். இழுபட்டால் அந்த வளையம் நீளுமே தவிர ஸ்டிக்கர் கழலாது. உங்கள் லேபில் இப்படிச் செய்யாவிட்டால், தயங்காமல் கேளுங்கள்.

7. வீட்டில் 24 மணி நேரம்

கிளம்பும் முன் பெட்டியில் ஓடும் நேரமும் உங்கள் கைக்கடிகார நேரமும் ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிடம் வித்தியாசம் இருந்தால் நீங்கள் எழுதும் குறிப்பு எதோடும் பொருந்தாது.

பெட்டியில் ஒரு பட்டன் இருக்கும். படபடப்பு, கிறுகிறுப்பு, நெஞ்சில் ஒரு மாதிரி இருக்கிறது என்றால் உடனே அதை அழுத்தவேண்டும். அதோடு எழுதவும் வேண்டும். முதல் தடவை கொடுத்த குறிப்புத் தாளை அப்பா வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணும் பெரிசா இல்லப்பா, அதான் எழுதல" என்றார். இரண்டாவது தடவை நான் பக்கத்தில் இருந்து எழுதினேன். அதிலிருந்து இரண்டு வரி:

காலை 4.10 – ஒண்ணுக்குப் போக எழுந்தார், கட்டிலைப் பிடித்து நின்றார், கண் இருட்டு, பட்டன் அழுத்தினார்.
காலை 6.35 – டீ, பிபி மாத்திரை. தெருமுனை வரை நடை. ஒன்றுமில்லை.

"ஒன்றுமில்லை" என்பதும் குறிப்புதான். நடந்தது, படியேறியது, சாப்பிட்டது, மாத்திரை போட்டது, சண்டை போட்டது, தூங்கியது, விழித்தது எல்லாமே நேரத்தோடு இருக்கட்டும். அவரால் எழுத முடியாது என்றால் நீங்கள் எழுதுங்கள், பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

குளிக்கக் கூடாது, ஈரத்துணியால் முகம், கை, கால் துடைக்கலாம். நல்ல வெயில் காலம் என்றால் மின்விசிறிக்கு அடியில் இருங்கள், மதியம் வெளியே போகவேண்டாம். போனைச் சட்டைப்பையில், பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இண்டக்‌ஷன் அடுப்பை ஒட்டி நின்று சமைக்கவேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எதுவும் அந்த ஒரு நாளில் கூடாது. இரவில் மல்லாந்தோ ஒருக்களித்தோ படுக்கலாம், குப்புறப் படுக்கக் கூடாது. ஒரு ஸ்டிக்கர் கழன்றால் மறுபடி ஒட்டப் பார்க்காமல், நேரத்தை எழுதிவிட்டு லேபுக்குப் போன் செய்யுங்கள். மாற்று ஸ்டிக்கர் இரண்டு கையில் கொடுத்து அனுப்பச் சொல்லலாம்.

அரிப்பு லேசாக எல்லோருக்கும் வரும். கொப்புளம் மாதிரி வந்தால் காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

8. தன்னியக்க நரம்புப் பரிசோதனை அறைக்குள்

முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். பீடி, சிகரெட், மது, காலையில் நடைப்பயிற்சியும் வேண்டாம். சுகர்காரர்கள் வெறும் வயிற்றில் போகக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி போல லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சுகர் இறங்கினால் அதுவே படபடப்பைக் கொண்டுவந்து எல்லாக் கணக்கையும் மாற்றிவிடும். அரை மணி நேரம் முன்னதாகப் போய் அமைதியாக உட்காருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு உள்ளே போகட்டும்.

உள்ளே ஈசிஜி ஸ்டிக்கர்களை ஒட்டி, கையில் பிபி பட்டையைச் சுற்றி, சில காரியங்களைச் செய்யச் சொல்வார்கள். முதலில் மூச்சு: 5 விநாடி இழுத்து 5 விநாடி விட்டு, நிமிடத்துக்கு 6 மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயம் வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிக்கவேண்டும். அந்த வித்தியாசம் 15 துடிப்புக்கு மேல் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே என்றால் கோளாறு என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள். வயது ஏற ஏற இது குறையும் என்பதால் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவேண்டாம். வீட்டில் இந்த மூச்சை இரண்டு நாள் பழகிப் பார்ப்பது நல்லது. பழக்கமில்லாமல் போனால் தாளம் தப்பிவிடுகிறது, மறுபடி மறுபடி செய்யச் சொல்கிறார்கள்.

அடுத்து படுத்தபடி ஒரு பிபி, எழுந்து நின்றதும் பிபி. நின்று 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்கவேண்டிய இறக்கம். அப்பாவுக்குப் படுக்கையில் 146, நின்ற இரண்டாவது நிமிடத்தில் 118. இப்படி இறங்குகிறவர் தலைசுற்றிச் சாயலாம். பக்கத்தில் பிடிக்க ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் நீங்கள் நில்லுங்கள். பிறகு ஒரு குழாயில் 40 என்ற அளவை 15 விநாடி விடாமல் பிடித்து ஊதுவது, கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது என்று போகும்.

கடைசியில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒட்டுவார்கள். இது வேர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்பைத் தோல்வழியே பார்ப்பது. அறையை அமைதியாக்கி, விளக்கைக் குறைத்து, டெக்னீஷியன் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றார். திடீரென்று கையைத் தட்டினார். அப்பா திடுக்கிட்டார். திரையில் உள்ளங்கைக் கோடு ஒன்றரை விநாடி கழித்து மெதுவாக ஒரு மேடுபோல எழுந்து இறங்கியது. உள்ளங்கால் கோடு அசையவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 18 வருடச் சுகர் அப்பாவின் காலில் என்ன செய்திருக்கிறது என்று அந்த நேர்கோட்டில் பார்த்தேன். கை சில்லென்று இருந்தாலோ ஆள் பதற்றத்தில் இருந்தாலோ இந்தப் பதிவு மாறும், அதனால் இரண்டு மூன்று தடவை எடுத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இதே ஈசிஜி ஸ்டிக்கரிலிருந்தே நரம்பின் செயல்பாட்டையும் நேரடியாகக் கேட்க முடியுமா என்று அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பார்த்திருக்கிறார்கள். இதயத்தின் அலைகள் பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 150 அதிர்வுக்குக் கீழே இருப்பதால், நொடிக்கு 10,000 முறை பதிந்து, 500 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத் தனியாக வடிகட்டிப் பார்க்கும் முறை அது. ஆராய்ச்சியில் பயன்படுவது. உங்கள் ஊர் லேபில் யாராவது அதை எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்டால், டாக்டரிடம் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

9. நரம்புக் கடத்தல் பரிசோதனை

சுருக்கமாகச் சொல்லலாம். சுருக் சுருக்கென்று மின்தூண்டல் வரும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் அளவுதான், முடிந்ததும் வலி தங்காது. கவனிக்கவேண்டிய பொறி ஒன்றே ஒன்று: ஏசி. கை, கால் குளிர்ந்தால் நரம்பின் வேகம் குறையும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 2 மீட்டர் வரை கூட. காலில் நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் இருந்தால் பொதுவாகச் சரி என்று பார்க்கும் ஒரு பரிசோதனையில் இது பெரிய வித்தியாசம். குளிர்ந்த அறையில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனால், இல்லாத நோய் ரிப்போர்ட்டில் வந்துவிடலாம். சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், போர்வை கேளுங்கள். தோலின் வெப்பத்தை அளந்தார்களா என்றும் கேளுங்கள். குளிர்ந்திருந்தால் வெந்நீர்ப் பை வைத்துச் சூடாக்கிய பிறகு எடுப்பார்கள்.

10. ரிப்போர்ட் வந்த பிறகு

ஹோல்டர் ரிப்போர்ட்டைப் பிரித்ததும் முதல் பக்கத்தில் பதிவான மொத்த நேரத்தையும், பதிவு கெட்டுப்போன நேரத்தையும் பாருங்கள். 24 மணி நேரத்துக்கு 22, 23 மணி நேரமாவது நன்றாக இருக்கவேண்டும். அடுத்து, நீங்கள் பட்டன் அழுத்திய நேரங்களுக்கு எதிரே அந்த நேரத்துத் துடிப்பு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காமல் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், அதற்காகத்தான் பணம் கொடுத்தது.

அங்கங்கே கூடுதல் துடிப்புகள் என்று எண்கள் இருக்கும். நல்ல உடம்புள்ளவர்களுக்கும் சில வரும். தூக்கத்தில் துடிப்பு 50க்குக் கீழே இறங்குவதும் பலருக்கு இயல்பு. இரவில் உட்கார்ந்து இணையத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி அழுதவர்களை எனக்குத் தெரியும். அந்த எண்களை டாக்டர் சொல்லட்டும்.

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்சிலும் ஈசிஜி வருகிறதே என்று கேட்கிறார்கள். அது ஒரே கோணத்தில் 30 விநாடி எடுப்பது. படபடப்பு வந்த நேரத்தில் எடுத்து டாக்டரிடம் காட்ட நிஜமாகவே உதவும். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது.

அப்பாவின் இரண்டாவது ஹோல்டரில் காலை 4.10க்கு எதிரே இதயம் ஒழுங்காகத்தான் துடித்திருந்தது. தாளம் தப்பவில்லை. விடியற்காலைப் படபடப்பு இருந்த இடத்தில் ஆபத்தில்லாத சில கூடுதல் துடிப்புகள். அப்படியானால் கண் இருட்டியது பிபி இறங்கியதால். டாக்டர் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னார். சிறுநீருக்காக ராத்திரி போட்டுக்கொண்டிருந்த அந்த மாத்திரையை எடுத்துப் பார்த்தார். எழுந்து நிற்கும்போது பிபியை இறக்கும் தன்மை அதற்கு உண்டாம். ஏற்கெனவே நரம்பு தளர்ந்தவருக்கு அது இரட்டைச் சுமை. சிறுநீர் டாக்டரிடம் பேசி அதை மாற்றினார்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு நிற்கச் சொன்னார்கள். இப்போது அப்பா காலையில் கட்டிலைப் பிடிக்காமல் எழுகிறார்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதை அன்றைக்கே முடித்துவிடுங்கள். ஈசிஜி அச்சடிக்கும் அந்த ரோஸ் கட்டம் போட்ட தாள் சூட்டில் அச்சாகும் வகை. வெளிச்சத்திலும் வெப்பத்திலும் எழுத்து மங்கிப்போகும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். 2019இல் எடுத்த அப்பாவின் ஈசிஜியை ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் கேட்டபோது, பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தது வெறும் ரோஸ் தாளாக இருந்தது. வாங்கின அன்றே ஒரு ஜெராக்ஸ், போனில் தெளிவாக ஒரு படம், பின்பக்கம் தேதி.